நேட்டால் சட்டசபை மனு சர்வீஸ்: அஞ்சுக்கு ஒன்றரை ஸ்டார், அதுல அரை ஸ்டார் தந்திக்கு மட்டும்

மிக்ஸிக்கும் ஷாம்பூவுக்கும் பக்கம் பக்கமா ரிவ்யூ எழுதுறோம், ஜனங்க குறைய கேக்குறதுக்குன்னே இருக்குற ஒரு பார்லிமென்ட்டோட மனு சர்வீஸ் எப்படி இருந்துச்சுன்னு யாரும் எழுத மாட்டேங்கறாங்க, சரி நாமளே எழுதுவோம்னு உக்காந்துட்டேன். இடம் நேட்டால் காலனி, தென்னாப்பிரிக்கா, சட்டசபை இருந்தது பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல. (ஆமா, காந்திய ரயில்லேர்ந்து இறக்கி விட்டாங்களே அதே ஊர்தான்.) 1893ல பிரிட்டிஷ் அரசாங்கம் அங்க இருந்த வெள்ளக்காரங்களுக்கு தன்னாட்சி குடுத்துச்சு, ஜான் ராபின்சன்னு ஒருத்தர் முதல் பிரதமர். 1910ல தென்னாப்பிரிக்க யூனியன் வந்ததும் இந்த பார்லிமென்ட்டே இல்லாம போச்சு, அதனால இப்ப போய் யாரும் ட்ரை பண்ண முடியாது. கஸ்டமரும் நான் இல்ல, நம்ம ஆளுங்க. அவங்களுக்கு ரிவ்யூ போட வாய்ப்பு கிடைக்கல, அவ்ளோதான்.

நம்ம ஆளுங்கன்னு சும்மா சொல்லல. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோன்னு ஒரு கப்பல் மதராஸ்லேர்ந்து டர்பன் போய் நின்னுச்சு, 342 பேர், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளா. அதுலேர்ந்து 1911 வரைக்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேல ஜனம் போயிருக்கு, மூணுல ரெண்டு பங்கு மதராஸ்ல ஏறினவங்க, தமிழும் தெலுங்கும் பேசுறவங்க. அஞ்சு வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாசத்துக்கு 10 ஷில்லிங் சம்பளம், அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். முதலாளி குடுக்குற சீட்டு இல்லாம எஸ்டேட்ட விட்டு வெளிய கால் வைக்க முடியாது. இவங்க பின்னாடியே சொந்தக் காசுல டிக்கெட் எடுத்து வந்தவங்க குஜராத்தி வியாபாரிங்க, அவங்கள அங்க அரபின்னு கூப்பிட்டாங்க. இந்த ரெண்டு கூட்டமும் வேற வேறன்னு மனசுல வச்சுக்கங்க, ரிவ்யூவே அதுலதான் இருக்கு.

தன்னாட்சி வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ குறை சொன்னது நல்லா வேலை செஞ்சிருக்கு, ஆனா அது நேட்டால்ல சொன்னது இல்ல. ஒப்பந்தம் முடிஞ்சு 1871ல மதராஸ் திரும்பின முதல் கூட்டம், கப்பல்லேர்ந்து இறங்கினதும் இங்க அதிகாரிங்ககிட்ட போய் எங்கள ஏமாத்திட்டாங்க, அடிச்சாங்க, பேசின காச குடுக்கலன்னு சொல்லிட்டாங்க. நேட்டால்காரன் அப்ப மறுபடி ஆள் வேணும்னு கேட்டுட்டு இருந்த நேரம், இந்திய அரசாங்கம் முதல்ல இதுக்கு பதில் சொல்லு அப்புறம் ஆள் அனுப்புறேன்னு நிறுத்தி வச்சுது. உடனே 1872ல ஒரு கமிஷன், விசாரணை, இந்தியக் குடியேறிகளுக்கு பாதுகாவலர்னு ஒரு பதவி, எல்லாம் கடகடன்னு நடந்துச்சு, 1874ல மறுபடி கப்பல் கிளம்பிடுச்சு. ஆள் வரத்து நின்னா கரும்பு வெட்ட முடியாது, அதான் அந்த வேகம். இத ஞாபகம் வச்சுக்கிட்டு மேல படிங்க.

இப்ப மெயின் கேஸ், 1894. இந்தியர்களுக்கு இனிமே ஓட்டுப் பதிவு கிடையாதுன்னு ஒரு மசோதா சபைல ஓடிட்டு இருக்கு, ஊருக்கு கிளம்புற காந்திக்கு வச்ச விருந்துல பேப்பர புரட்டும்போதுதான் அவரே அந்த செய்திய பாக்குறார், மத்தவங்களுக்கு விஷயமே தெரியாது. ரெண்டாம் வாசிப்பு வரைக்கும் வந்தாச்சு. உடனே சபாநாயகருக்கு ஒரு தந்தி, பிரதமர் ராபின்சனுக்கு ஒண்ணு, ஹாரி எஸ்கோம்ப்ங்கற மந்திரிக்கு ஒண்ணு, விவாதத்த தள்ளி வைங்கன்னு. சபாநாயகர் உடனே பதில் போட்டார், ரெண்டு நாள் தள்ளி வச்சிருக்கோம்னு. இத நான் மனசார பாராட்டுறேன், கஸ்டமர் கேர்ல இப்படி ஒரு ரெஸ்பான்ஸ் டைம் இன்னைக்கு கூட கிடைக்காது. அந்த அரை ஸ்டார் இதுக்குதான்.

கிடைச்ச அந்த ரெண்டு நாள்ல இவங்க பண்ண வேலைதான் இந்த மொத்த கதைலயும் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். மனு எழுதணும், மூணு காப்பி வேணும், பேப்பருக்கு தனியா ஒண்ணு, கையெழுத்து எவ்ளோ முடியுமோ அவ்ளோ வாங்கணும், எல்லாம் ஒரே ராத்திரில. ஜெராக்ஸ் இல்லாத காலம். ஆர்தர்னு ஒரு வயசான மனுஷன், அழகா எழுதுவார், அவர்தான் முதல் காப்பிய கைப்பட எழுதினார், மீதிய ஒருத்தர் வாசிக்க வாசிக்க மத்தவங்க எழுதினாங்க, ஒரே நேரத்துல அஞ்சு காப்பி ரெடி. வியாபாரிங்க அவங்கவங்க குதிர வண்டில, வண்டி இல்லாதவங்க சொந்தக் காசுல வாடகைக்கு எடுத்துக்கிட்டு வீடு வீடா போய் கையெழுத்து வாங்கிட்டு வந்தாங்க. சேட்டும் குமாஸ்தாவும் ஒரே மேசைல உக்காந்து வேலை பாத்திருக்காங்க. மனு தேதி 1894 ஜூன் 28, கையெழுத்து சுமார் 500 பேர்.

மனுவோட உள்ளடக்கமும் சாதாரணமா இல்ல. இந்தியாக்காரனுக்கு தேர்தல்னா என்னன்னே தெரியாது, அதனால ஓட்டு வேண்டாம்ங்கறதுதான் அவங்க வாதம். அதுக்கு பதிலா கிராமப் பஞ்சாயத்து, சாதிக்கு சாதி நடக்குற பஞ்சாயத்து, ஹென்றி மெய்ன்ங்கற இங்கிலீஷ் சட்ட அறிஞர் எழுதினது, மைசூர்ல அப்ப நடந்துட்டு இருந்த பிரதிநிதி சபைன்னு வரிசையா அடுக்கியிருக்காங்க. ஒரு வக்கீலோட மூளை அதுல நல்லா தெரியுது. ஆனா ஃபார்மேட் இருக்கே, அது அவங்க ஃபார்மேட். பணிவன்போட தெரிவிச்சுக்கறதுன்னு ஆரம்பிக்கணும், கடைசில இந்த நீதிக்கும் கருணைக்கும் மனுதாரர்கள் கடமைப்பட்டு என்னைக்கும் பிரார்த்தனை பண்ணுவாங்கன்னு முடிக்கணும். உன் ஓட்ட பிடுங்க போறான், அவன் நல்லா இருக்கணும்னு நீ சாமி கும்பிடணும். எனக்கு கடுப்பாகுது படிக்கும்போதே, ஆனா அந்த வரி இல்லாம எந்த மனுவும் அந்த காலத்துல உள்ள போகாது.

ரிசல்ட்? பேப்பர்ல மனு வந்துச்சு, ஆதரவா கருத்து கூட எழுதினாங்க, சபைல அத பத்தி பேச்சும் நடந்துச்சு, மசோதாவ ஆதரிச்சவங்களோட பதில் நொண்டி அடிச்சுதுன்னு காந்தியே பின்னாடி எழுதி வச்சிருக்கார். அப்புறம் மசோதா நிறைவேறிடுச்சு. சிம்பிள். பேசுவாங்க, கேப்பாங்க, தலைய ஆட்டுவாங்க, ஏற்கனவே முடிவு பண்ணத செஞ்சுட்டு போயிடுவாங்க.

இதுல எஸ்கோம்ப் விஷயம்தான் செம காமெடி. காந்திய ஒரு கேஸுக்காக தென்னாப்பிரிக்காவுக்கு வரவழைச்ச வியாபாரி அப்துல்லா சேட், அவரோட வக்கீல் இவர். முன்னாடி ஒரு தேர்தல்ல இவருக்கு எதிரா துறைமுக இன்ஜினியர் நின்னப்ப, ஓட்டு பத்தாதுன்னு இந்திய வியாபாரிங்கள வாக்காளர் பட்டியல்ல சேத்து விட்டவரே இவர்தானாம், அப்துல்லா சேட் காந்திகிட்ட சொன்னது. அதே ஆள் இப்ப அட்டர்னி ஜெனரல், பட்டியல்லேர்ந்து ஆள தடுக்குற அரசாங்கத்துல. மனு குடுக்கற ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கறது உன் பழைய வக்கீல், எப்படி?

சரி, கிளை ஆபீஸ்ல வேலையாகல, ஹெட் ஆபீஸ் போவோம்னு அடுத்த ரவுண்டு. லண்டன்ல காலனி மந்திரி ரிப்பன் பிரபு, முன்னாடி இந்தியாவுக்கு வைஸ்ராயா இருந்தாரே அவரேதான். இந்த தடவ ஒரு ராத்திரி இல்ல, ரெண்டு வாரம், பத்தாயிரம் பேர் கிட்ட கையெழுத்து. டர்பன்ல மட்டும் இல்ல, மாகாணம் பூரா ஊர் ஊரா போயிருக்காங்க, மனுல என்ன எழுதியிருக்குன்னு புரியாம ஒருத்தர்கிட்டயும் கையெழுத்து வாங்கக் கூடாதுன்னு கண்டிஷன் வேற. எனக்கு இந்த கண்டிஷன் ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா ஒவ்வொரு வீட்டுலயும் உக்காந்து விளக்கி சொன்னா அது மனு இல்ல, கிட்டத்தட்ட பொதுக்கூட்டம். அச்சடிச்ச ஆயிரம் காப்பி இந்தியா இங்கிலாந்துன்னு எல்லா பக்கமும் போச்சு, டைம்ஸ் ஆஃப் இண்டியா தலையங்கம் எழுதுச்சு, லண்டன் டைம்ஸும் ஆதரிச்சுது. நேட்டால்னு ஒரு ஊர் இருக்கு, அங்க நம்ம ஜனம் இந்த பாடு படுதுன்னு இந்தியால நிறைய பேருக்கு தெரிஞ்சதே அப்பதான்.

ஹெட் ஆபீஸ் என்ன பண்ணுச்சுன்னா, அந்த மசோதாவுக்கு ராணியோட ஒப்புதல் குடுக்கல. ஜெயிச்சாச்சுன்னு சந்தோஷப்படாதீங்க. வேணாம்னு சொன்னது இந்தியன்னு பேர் போட்டு ஓட்ட பிடுங்குறத மட்டும்தான். நேட்டால்காரன் வார்த்தைய மாத்தி 1896ல 8ஆம் நம்பர் சட்டம்னு கொண்டு வந்தான், பார்லிமென்ட் முறைல தேர்ந்தெடுத்த சபை இல்லாத நாட்டுக்காரங்களுக்கும் அவங்க வம்சத்துக்கும் ஓட்டுப் பதிவு இல்ல, கவர்னர் தனியா விலக்கு குடுத்தா உண்டுன்னு. இந்தியாங்கற வார்த்தை எங்கயும் இல்ல, ஆனா யாருக்கு வச்ச ஆப்புன்னு எல்லாருக்கும் தெரியும். லண்டன் இதுக்கு ஓகே சொல்லிடுச்சு. ரெண்டு வருஷம், பத்தாயிரம் கையெழுத்து, கிடைச்சது ஒரு நாகரிகமான வாக்கியம்.

இவ்ளோ கூத்து எத்தன ஓட்டுக்குன்னு பாருங்க, பட்டியல்ல வெள்ளக்காரங்க 9,309, இந்தியர் 251. அவ்ளோதான். ஓட்டு வேணும்னா 50 பவுன் சொத்து இருக்கணும், இல்ல வருஷத்துக்கு 10 பவுன் வாடகை குடுக்கணும். 20 ஷில்லிங் ஒரு பவுன், மாசம் 10 ஷில்லிங் வாங்குற ஆளுக்கு வருஷத்துக்கு மொத்தமே 6 பவுன்தான் வரும். அதாவது இந்த ஓட்டுப் பிரச்சனைல கரும்புக்காட்டுத் தமிழனுக்கு நேரடியா ஒண்ணும் இல்ல. மனு போராட்டத்த தொடர்ந்து நடத்தறதுக்குன்னு அதே 1894ல நேட்டால் இந்தியன் காங்கிரஸ் ஆரம்பிச்சாங்க, நல்ல விஷயம், ஆனா சந்தா மாசத்துக்கு 5 ஷில்லிங், வருஷத்துக்கு 3 பவுன். கூலிக்காரன் எப்படி சேருவான், அரை மாச சம்பளத்த சந்தாவா கட்டிட்டா சாப்பிடறது என்ன? காந்தியும் இத ஒத்துக்கிட்டார், ஒப்பந்தக் கூலிங்க யாரும் காங்கிரஸுக்குள்ள வரவே இல்லன்னு.

அப்படி வெளிய நின்னவங்கள்ல ஒருத்தர் நேரா உள்ள வந்தார், பாலசுந்தரம். தமிழ் ஆளு, டர்பன்ல பேர் தெரிஞ்ச ஒரு வெள்ளக்காரர்கிட்ட ஒப்பந்த வேலை. முதலாளி போட்டு அடிச்சதுல முன்பல்லு ரெண்டு உடைஞ்சு, வாயெல்லாம் ரத்தம், துணி கிழிஞ்சு, தலப்பாவ கழட்டி கைல பிடிச்சுக்கிட்டு காந்தி ஆபீஸ் வாசல்ல அழுதுட்டு நின்னார். வெள்ளக்காரன பாக்கப் போனா தலைல ஒண்ணும் இருக்கக் கூடாதுங்கறது அங்க பழக்கம், நம்ம ஆள் காந்திக்கும் அதே மரியாதைய செஞ்சார். காந்தி முதல்ல தலப்பாவ கட்டுங்கன்னார். கொஞ்சம் தயங்கிட்டுதான் கட்டினாராம், ஆனா மூஞ்சில சந்தோஷம் தெரிஞ்சுதாம். குமாஸ்தா ஒருத்தர் தமிழ் ஆளா இருந்ததால பேச்சு புரிஞ்சுது. அங்கேர்ந்து டாக்டர், சர்டிபிகேட், மாஜிஸ்ட்ரேட். சாதா வேலைக்காரன் சொல்லாம வேலைய விட்டா சிவில் கேஸ், ஒப்பந்தக் கூலி விட்டா கிரிமினல் கேஸ், ஜெயில். அதனால வேலைய விட முடியாது, ஒப்பந்தத்த வேற முதலாளிக்கு மாத்தத்தான் முடியும், புது முதலாளியும் வெள்ளக்காரனா இருக்கணும். காந்தி ஆள தேடி பிடிச்சு, பழைய முதலாளிய சம்மதிக்க வச்சு, பாதுகாவலர பாத்து, வேலைய முடிச்சு குடுத்துட்டார்.

பாத்தீங்களா, சட்டசபைக்கு போகாத இந்த கேஸ் முடிஞ்சிடுச்சு. டாக்டர் சர்டிபிகேட் ஒண்ணு, ஒரு மாஜிஸ்ட்ரேட், அவ்ளோதான். செய்தி எஸ்டேட் எஸ்டேட்டா பரவி அதுக்கப்புறம் ஆபீஸ்ல கூட்டம் நிக்க ஆரம்பிச்சிடுச்சு. மதராஸ் வரைக்கும் கூட போச்சாம்.

ஆனா அந்த ஜனத்துக்கே நேரடியா வந்த அடி அடுத்த வருஷம், 1895. ஒப்பந்தம் முடிஞ்சா ஒண்ணு மறுபடி ஒப்பந்தத்துல சேரு, இல்ல ஊருக்கு போ, ரெண்டும் இல்லன்னா வருஷா வருஷம் வரி கட்டு. முதல்ல கேட்டது 25 பவுன், இந்தியாவோட வைஸ்ராய் எல்ஜின் பேரம் பேசி 3 பவுனுக்கு ஒத்துக்கிட்டார். என்ன கருணை! 3 பவுன்னா 60 ஷில்லிங், புதுசா வந்த கூலியோட ஆறு மாச சம்பளம். காங்கிரஸ் நேட்டால் சபைக்கும் மனு போட்டுச்சு, லண்டனுக்கும் போட்டுச்சு, வைஸ்ராய்க்கும் போட்டுச்சு. மூணு கவுண்ட்டர்லயும் கைய விரிச்சுட்டாங்க. 1903ல பசங்களுக்கும் சேத்துட்டாங்க, பையன்னா 16 வயசு, பொண்ணுன்னா 13. புருஷன், பொண்டாட்டி, வளந்த பிள்ளைங்க ரெண்டு பேர்னா குடும்பத்துக்கு 12 பவுன். காந்தி கணக்குப்படி அந்த குடும்பத்தலைவன் வருமானம் மாசம் 14 ஷில்லிங்க தாண்டாது, அதாவது வருஷத்துக்கு எட்டு பவுன் சொச்சம். வருமானத்த விட வரி ஜாஸ்தி. இத கட்ட முடியாம மறுபடி மறுபடி ஒப்பந்தத்துல கைநாட்டு வச்சவங்க எத்தன பேரோ, சட்டத்தோட நோக்கமே அதுதானே.

1897ல கடை லைசென்ஸ் சட்டம் வந்தப்பவும் இதே கதைதான், சுருக்கமா சொல்லிடறேன். லைசென்ஸ் குடுக்கறது நகரசபை வச்ச அதிகாரி, அவர் இல்லன்னா அப்பீல் அதே நகரசபைக்கு, சுப்ரீம் கோர்ட்டுக்கு போக வழி இல்ல, கணக்கு இங்கிலீஷ்ல இருக்கணும். மனு போட்டாங்க, சட்டம் பாஸ் ஆச்சு. அப்ப எஸ்கோம்ப் பிரதமராவே ஆயிட்டார்.

3 பவுன் வரி கடைசில எப்படி போச்சுன்னு கேக்கறீங்களா? மனுவால இல்ல. 1912ல இந்தியாலேர்ந்து காங்கிரஸ் தலைவர் கோகலே போய் நேர்ல பேசிட்டு வந்தார், வரிய எடுத்துடுவாங்கன்னு நம்பிக்கையோட திரும்பினார், எடுக்கல. 1913ல பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வால்லேர்ந்து பொம்பளைங்க ஒரு கூட்டம், பெரும்பாலும் தமிழச்சிங்க, நேட்டால்ல இருக்குற நியூகாசில் நிலக்கரி சுரங்கத்துக்கு போய் தொழிலாளிங்ககிட்ட பேசினாங்க, வேலைய நிறுத்துங்கன்னு. நிறுத்திட்டாங்க. அங்கேர்ந்து கரும்புத் தோட்டத்துக்கும் பரவிடுச்சு, நவம்பர்ல ரெண்டாயிரம் பேருக்கு மேல டிரான்ஸ்வால் எல்லைய தாண்டி நடந்தாங்க, ஆயிரக்கணக்குல வேலை நின்னுச்சு. அப்பதான் இந்தியர் குறைய விசாரிக்க சாலமன் கமிஷன், 1914ல நிவாரணச் சட்டம், வரி ரத்து. ஜெயிலுக்கு போய் காய்ச்சலோட வெளிய வந்து 1914 பிப்ரவரி 22ல செத்துப்போன தில்லையாடி வள்ளியம்மைக்கு வயசு 16. 1871ல மதராஸ்ல இறங்கி புகார் சொன்னவங்களுக்கு வேலை நடந்ததுக்கும் இதுக்கும் காரணம் ஒண்ணுதான், கரும்பு வெட்ட ஆள் இல்ல.

அப்ப மீதி ஒரு ஸ்டார் எதுக்கு குடுத்தேன்னு கேப்பீங்க. அந்த பார்லிமென்ட்டுக்கு இல்ல, வாசல்ல நின்ன க்யூவுக்கு. கையெழுத்து வாங்கறேன்னு வீடு வீடா போனதுலதான் சேட்டுக்கு கூலிக்காரன் மூஞ்சி தெரிஞ்சுது, சங்கம், சந்தா ரசீது, உறுப்பினர் லிஸ்ட்டுன்னு ஒரு ஒழுங்கு வந்துச்சு. கூடவே ஒவ்வொரு மனுவும் ஆவணமா இருக்கு, யார் என்ன கேட்டாங்க, யார் இல்லன்னு சொன்னாங்கன்னு இன்னைக்கும் தேதியோட எடுத்து காட்டலாம். எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லைன்னு அந்த சபை தப்பிக்க முடியாது.

யாருக்கு சிபாரிசு பண்ணுவேன்? அடிபட்ட ஒத்த ஆளுக்கு நியாயம் வேணும்னா இந்த ஜன்னல் பக்கமே போகாதீங்க, டாக்டர் சர்டிபிகேட்டோட மாஜிஸ்ட்ரேட்கிட்ட போங்க. சட்டத்த நிறுத்தணும்னு கூட்டமா போறீங்கன்னா மனு குடுங்க, ஆனா பதில் வரும்னு உக்காந்திருக்காம சபைக்கு மூணு காப்பி போகும்போதே பேப்பருக்கும் ஒண்ணு போயிடணும், கையெழுத்து போட்டவங்க வீட்டு விலாசம் தனியா ஒரு நோட்டுல இருக்கணும். அடுத்த வேலைக்கு அந்த நோட்டுதான் தேவைப்படும்.